நாற்றோடு வரும் நூற்புழு

காய்கறித் தோட்டங்களை நண்பகல் வேளையில் சுற்றிப் பார்ப்போருக்கு ஒரு காட்சி அடிக்கடி தென்படும். முதல் நாள்தான் நீர் பாய்ச்சியிருப்பார்கள். மண்ணில் ஈரம் இருக்கும். எனினும் தோட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் கத்தரிச் செடிகள் தலை சாய்ந்து வாடி நிற்கும். மாலையானதும் நிமிர்ந்துவிடும். மறுநாள் நண்பகலில் மீண்டும் வாடும். நாளடைவில் இலைகள் மஞ்சளித்துச் செடி குறுகிப்போகும், காய் சிறுத்துவிடும். குடியானவர் முதலில் நீர் போதவில்லை என்றெண்ணி நீரைக் கூட்டுவார். பிறகு உரம் போதவில்லை என்றெண்ணி யூரியா இடுவார். அதற்கும் கேட்காவிட்டால் கடையில் கொடுக்கும் மருந்தை வாங்கி இலையின்மேல் தெளிப்பார். மூன்றுக்கும் பணம் செலவாகும், ஒன்றாலும் பயனிராது. ஏனெனில் கேடு வேரில் இருக்கிறது.

அத்தகைய செடியொன்றை எடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். செடியைக் கையால் இழுத்துப் பிடுங்கலாகாது. நுனி வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். சுற்றிலும் மண்வெட்டியால் தோண்டி, மண்ணோடு தூக்கி, ஒரு வாளி நீரில் மெல்ல அலசவேண்டும். நல்ல செடியின் வேர் சீவிவிட்ட தலைமயிர்போல் நீண்டிருக்கும். நோயுற்ற செடியின் வேரிலோ கடுகு அளவிலும், மிளகு அளவிலும், சில சமயம் சுண்டைக்காய் அளவிலும் முடிச்சுக்கள் திரண்டிருக்கும். தக்காளியிலும் வெண்டையிலும் முடிச்சுக்கள் பருத்து எளிதில் கண்ணுக்குப் படும்; மிளகாயில் அவை சிறியவையாதலால் கூர்ந்து பார்க்கவேண்டும். இதுவே வேர்முடிச்சு நோய். இதனை உண்டாக்குவது வேர்முடிச்சு நூற்புழு என்னும் நுண்ணுயிர்.

முடிச்சைக் கண்டு மகிழ்ந்துபோன குடியானவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவரை, தட்டைப்பயறு முதலிய பயறுவகைச் செடிகளின் வேரில் உள்ள முண்டுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் என்று கேட்டறிந்தவர்கள், கத்தரியின் வேரிலும் அதே நன்மை விளைந்திருப்பதாக எண்ணிவிட்டார்கள். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பயறுச் செடியின் முண்டு வேரின் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நசுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். நூற்புழுவின் முடிச்சு வேரே பருத்து உண்டானதாகையால் தனியே உதிராது. கத்தரிக்கும் தக்காளிக்கும் வெண்டைக்கும் நல்ல முண்டு என்பதே கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பயறுச் செடியில் நல்ல முண்டும் தீய முடிச்சும் ஒருங்கே இருப்பதுமுண்டு.

புழுவின் வரலாறு

இங்கிலாந்தில் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரியின் வேரில் இம்முடிச்சுக்களைப் பெர்க்லி என்பார் 1855-ஆம் ஆண்டில் விவரித்தார். நம் நாட்டில் இது முதன்முதலாகப் பதிவு செய்யப்பெற்றது 1901-ஆம் ஆண்டில், நீலகிரிப் பக்கத்துத் தேவாலாவில் தேயிலைச் செடியின் வேரில். அதனைக் கண்டெழுதியவர் சென்னை அரசாங்கத்தின் தாவரவியல் வல்லுநராயிருந்த பார்பர். பின்னர் 1912-இல் கோயம்புத்தூரில் ஏற்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையத்தில் முதலில் பணி தொடங்கியவரும் அவரே. ஆக, நூறாண்டுகளுக்கு மேலாக நம் மண்ணில் அறியப்பட்ட பகை இது. சமவெளியில் கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், பாகல், புடல், வெள்ளரி ஆகியவற்றைத் தாக்குவன பெரும்பாலும் மெலாய்டோகைன் இன்காக்னிட்டா, மெலாய்டோகைன் ஜவானிக்கா என்னும் இரு வகைகள். மலைப்பகுதியில் குளிர் தாங்கும் வேறொரு வகையும் உண்டு. காரட் பிளவுபட்டும் முறுக்கிக்கொண்டும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ளது, நிறமற்றது, வெறுங்கண்ணால் பார்க்க இயலாது. மண்ணின் ஈரத்தில் நெளிந்து சென்று, வேரின் நுனியைத் துளைத்து உள்ளே புகுகிறது. ஓரிடத்தில் நிலைகொண்டதும், தன் தலையைச் சுற்றியுள்ள சில வேர் உயிரணுக்களைத் தன் உமிழ்நீரால் பெருக்கவைத்து, அவற்றிலிருந்தே ஆயுள் முழுதும் உணவை உறிஞ்சுகிறது. செடி காய்க்கு அனுப்பவேண்டிய சத்து வேரிலேயே நின்றுவிடுகிறது. நீர் ஏறும் குழாய்களும் நெளிந்து அடைபடுகின்றன. நண்பகல் வாட்டத்திற்குக் காரணம் இதுவே. பெண் புழு பேரிக்காய் வடிவில் பருத்து, பசைபோன்ற பை ஒன்றில் முந்நூறு, நானூறு முட்டைகளை இடுகிறது. இவ்விரு வகைகளிலும் முட்டையிட ஆண் புழுவின் துணையே வேண்டுவதில்லை. ஒரு புழு வந்து சேர்ந்தாலும் குடும்பம் பெருகிவிடும்.

நம் நாட்டு வெப்பநிலையில் முட்டையிலிருந்து மறு முட்டைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. நான்கு மாதப் பயிரில் நான்கு தலைமுறை. முந்நூறு முட்டைகளில் பத்து மட்டுமே பிழைத்து வளர்வதாகக் கொண்டு கணக்கிட்டாலும், ஒரு புழு நான்காம் தலைமுறையில் பதினாயிரமாகிறது. முதற்பயிரில் ஒன்றும் தெரியாமல் இரண்டாம், மூன்றாம் பயிரில் திடீரெனத் தோட்டம் விழுந்துவிடுவதன் காரணம் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. செம்மண் நிலத்திலும் மணற்சாரியான நிலத்திலும் சேதம் மிகுதி. இவ்வளவோடும் நிற்பதில்லை. புழு துளைத்த வேரின் வழியாக வாடல் நோய்க் காளானும் பாக்டீரியாவும் எளிதில் புகுகின்றன. அப்பொழுது செடி மாலையிலும் நிமிராது.

இத்தனை பெருக்கமுடைய புழு நடையில் மட்டும் மிகவும் பின்தங்கியது. ஒரு பயிர்க் காலம் முழுவதும் தானாக நகர்ந்து அது கடக்கும் தொலைவு பெரும்பாலும் ஒரு முழம், இரண்டு முழமே. அப்படியிருக்க, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கும், ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்திற்கும் அது எவ்வாறு செல்கிறது? நாமே சுமந்து செல்கிறோம் என்பதுதான் விடை.

எங்கள் கையால் நேர்ந்தது

இதனை எழுதுவதற்கு எமக்குத் தகுதி உண்டெனில், அது படிப்பினால் வந்ததன்று. ஒரு தவற்றினால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எமது பொறுப்பிலிருந்த ஒன்றியத்தில் சிறு குடியானவர்களுக்குக் கத்தரி, தக்காளி நாற்றுக்கள் வழங்க ஏற்பாடாயிற்று. நாற்றுக்கள் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து வந்தன. எண்ணிக்கையைச் சரிபார்த்தோம், உயரத்தைப் பார்த்தோம், இலை பசுமையாயிருப்பதைக் கண்டு திருப்தியடைந்து கையொப்பமிட்டோம். ஒரு நாற்றின் வேரையேனும் அலசிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை, எமக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து, முப்பது சென்ட் நிலமுள்ள முதிய அம்மையார் ஒருவர் ஈரத்துணியில் சுற்றிய கத்தரிச் செடியொன்றை அலுவலகத்திற்கு எடுத்து வந்து மேசையின்மேல் விரித்தார். வேர் முழுவதும் முடிச்சு. "முப்பது வருஷமா இந்தக் காட்டிலே கத்தரி வைக்கிறேன் ஐயா, இப்படி வேர் பார்த்ததில்லை. மண்ணு என்னோடது; நாத்து உங்களோடது" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அன்று மாலையே அவருடைய தோட்டத்திற்கும், நாற்றுப் பெற்ற மற்றும் சிலருடைய தோட்டங்களுக்கும் சென்று தோண்டிப் பார்த்தோம். பல இடங்களில் அதே நிலை. பின்னர் அந்த நாற்றுப்பண்ணையைப் பார்வையிட்டபோது, ஒரே மேட்டுப்பாத்தியில் ஆண்டுதோறும் தொடர்ந்து கத்தரியும் தக்காளியும் விதைத்து வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பாத்தியோரத்துக் களையாக முளைத்திருந்த மணத்தக்காளியின் வேரிலும் முடிச்சு இருந்தது. அவர்கள் வேண்டுமென்று செய்ததன்று. அவர்களும் இலையைத்தான் பார்த்தார்கள்.

முப்பது நாள் பாத்தியில் வளர்ந்த நாற்றின் வேரில் முடிச்சு பெரும்பாலும் கடுகினும் சிறிதாகவே இருக்கும். நட்ட பின்புதான் அது பெருகும். ஆகவே நாற்று வாங்கும்போதே பார்த்தால் தவிர, பிறகு கண்டு பயனில்லை. கட்டுக்கு நான்கைந்து நாற்று வீதம் எடுத்து, தெளிந்த நீரில் அலசி, வெள்ளைத் தட்டொன்றில் வேரைப் பரப்பிக் கைலென்ஸு கொண்டு பார்க்கவேண்டும். ஒரு நாற்றில் முடிச்சு தென்பட்டாலும் அந்தப் பாத்தியின் நாற்று முழுவதையும் மறுத்துவிடுவதே முறை. முடிச்சுள்ளவற்றை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றவற்றை நடலாம் என்பது தவறான சிக்கனம். அந்த மண்ணில் நின்ற மற்ற நாற்றுக்களின் வேரிலும், கண்ணுக்குப் படாத இளம்புழு புகுந்திருக்கும்.

தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுக்களில் வளர்த்த நாற்று இவ்வகையில் மேலானது. ஆனால் தட்டுக்குள் தோட்டத்து மண்ணைக் கலந்தாலோ, தட்டுக்களை நோயுள்ள மண்ணின்மேல் நேரே வைத்தாலோ, பழைய தட்டுக்களைக் கழுவாமல் மீண்டும் நிரப்பினாலோ அந்த மேன்மை போய்விடும்.

பழச்செடிகளிலும் இதே கதைதான். 2016-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடிப் பகுதியின் கொய்யாத் தோட்டங்களில் மெலாய்டோகைன் என்டரோலோபி என்னும் புதிய வகை கண்டறியப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதற்பதிவு. கொய்யா மரத்தை மெலிவித்து, வாடல் நோயோடு சேர்ந்து பட்டுப்போகச் செய்யும் இவ்வகை, காய்கறிகளையும் தாக்கும். வேர்முடிச்சைத் தாங்கும் தக்காளி இரகங்களையும் விடுவதில்லை. இதுவும் நீண்ட தொலைவு செல்வது பதியன்களின் வேரிலும், அவற்றோடு பையில் வரும் மண்ணிலும்தான். கொய்யா, மாதுளை கன்று வாங்குவோர் பையைக் கிழித்து வேரைப் பார்க்கத் தயங்கவேண்டியதில்லை.

மண்ணில் இறங்கிய பிறகு

ஒரு முறை நிலத்தில் நிலைத்துவிட்ட நூற்புழுவை அடியோடு ஒழிப்பது இயலாத காரியம். எண்ணிக்கையைக் குறைத்து, பயிர் பிழைத்து வருமானம் தரும் அளவில் வைத்திருப்பதே செய்யக்கூடியது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். இல்லையேல் ஒரு மருந்தில் எல்லாம் தீரும் என்று நம்பிக் குடியானவர்கள் ஏமாறுவார்கள். டைப்ரோமோகுளோரோபுரோபேன் என்னும் மருந்தை 1950-களின் நடுவிலிருந்து உலகெங்கும் இப்புழுவுக்கென மண்ணில் செலுத்தினார்கள். புழு நன்றாகவே மாய்ந்தது. ஆனால் 1977-இல் அமெரிக்காவில் அம்மருந்தைத் தயாரித்த தொழிலாளர் பலர் ஆண்மலடாகியிருப்பது வெளிப்பட்டது. இந்தியாவில் 1989-இல் அது தடை செய்யப்பட்டது. இன்று ஃப்ளூயோபைரம், ஃப்ளூயென்சல்ஃபோன் போன்ற புதிய மருந்துகள் உள்ளன. அவை விலை மிகுந்தவை. எந்தப் பயிருக்கு, எத்தனை அளவில் என்று சிட்டையில் எழுதியிருப்பதைப் படித்த பின்னரே உபயோகிக்கத்தக்கவை. எவ்வாறாயினும் அவற்றைக் கடைசி உபாயமாக வைத்துக்கொள்வதே எமது அபிப்பிராயம்.

முதல் உபாயம் செலவற்றது. அறுவடை முடிந்ததும் செடியை வேரோடு கெல்லி, நன்றாக உலர்த்தி எரித்துவிடவேண்டும். நம் ஊர்களில் கத்தரியை மறுதாம்புக்கு விடுவதும், ஓய்ந்த செடியை அப்படியே நிறுத்திவைப்பதும் வழக்கம். அந்த ஓய்ந்த செடி புழுவுக்குச் சத்திரம். பிடுங்கிய வேரை வரப்பின்மேல் எறிவதும், பொதுக் குப்பைக்குழியில் போட்டு அரைகுறையாய் மக்கிய எருவை ஊருக்கெல்லாம் பங்கிடுவதும் அதனினும் கெடுதல். பிறகு கத்திரி வெயிலில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஆழ உழவேண்டும். கிளறப்பட்ட மண்ணில் முட்டையும் இளம்புழுவும் வெயிலில் காய்ந்து மடியும்.

பயிர் மாற்றம் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். ஆனால் கத்தரிக்குப் பின் வெண்டை, வெண்டைக்குப் பின் பாகல் என்று மாற்றுவது புழுவின் வாயிலிருந்து பார்த்தால் மாற்றமேயன்று. விருந்தில் பதார்த்தம் மாறுகிறது, அவ்வளவே. சம்பங்கியும் வாழையும்கூட அதற்குப் பிடித்தமானவையே. எள், சணப்பை ஆகியவை அதற்கு ஏற்ற உணவாவதில்லை. வசதியுள்ள இடத்தில் ஒரு போகம் சேற்று நெல் வைத்தால், நீர் தேங்கிய மண்ணில் காய்கறி நூற்புழு பெரிதும் குறைகிறது. துலுக்கச் சாமந்தி எனப்படும் செண்டுமல்லியின் வேரிலுள்ள ஒரு பொருள் புழுவைக் கொல்லும் தன்மையது. ஆயினும் வரப்போரம் நாலு செடி வைத்துவிட்டுப் பலனை எதிர்பார்க்கலாகாது. அதன் வேர் எட்டும் இடத்தில்தான் அது வேலை செய்யும். வயல் முழுவதும் ஒரு போகம் நெருக்கி நட்டால் பலன் தெரியும், பூவும் விலைபோகும். மாற்றுப்பயிர் வைத்த காலத்தில் மணத்தக்காளி, முள்ளுக்கீரை முதலிய களைகளை வளரவிட்டால், வெளியே அனுப்பிய விருந்தாளிக்குக் கொல்லைப்புறத்தில் இலை போட்டதாகும்.

நாற்றங்கால் பாத்திக்கு வெயிலையே மருந்தாக்கலாம். 1976-இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் விவரித்த இம்முறை, வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிற்கு மிகவும் ஏற்றது. பாத்தியை நன்றாகக் கொத்தி நனைத்து, நிறமற்ற தெளிந்த மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, காற்றுப் புகாதபடி ஓரங்களில் மண் அணைத்து, சித்திரை வைகாசியில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடவேண்டும். கறுப்புத் தாள் வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும். மண்ணுக்குள் அவ்வளவு சூட்டை விடாது. அகன்ற வயலுக்கு இது கட்டுப்படியாகாது, பாத்திக்குக் கட்டுப்படியாகும்.

நடவு வயலில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவதும், புழுவின் முட்டையைத் தின்னும் பர்புரியோசில்லியம் லைலாசினம் அல்லது போக்கோனியா என்னும் நன்மை செய்யும் காளானை ஏக்கருக்கு ஒரு கிலோ வீதம் மக்கிய தொழு உரத்தில் கலந்து நடவுக்கு முன் இடுவதும் பலன் தருகின்றன. இவை உயிருள்ள பொருள்களாதலின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்து, ஈரமுள்ள மண்ணில் இடவேண்டும். இரசாயனப் பூசணக்கொல்லியோடு கலந்தால் பணம் வீண்.

தாங்கும் இரகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தக்காளியில் ஹிசார் லலித் போன்ற வேர்முடிச்சைத் தாங்கும் இரகங்கள் உண்டு. பெரும்பாலான இரகங்களில் இத்தன்மை 1940-களில் காட்டுத் தக்காளியினின்று கலப்பினால் பெறப்பட்ட ஒரே மரபுக்கூறிலிருந்து வந்தது. மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசைக் கடந்தால் அதன் வலிமை குன்றிவிடுகிறது. ஆகவே கோடைப் பயிருக்கு அதனை மட்டும் நம்புவது சரியன்று. கத்தரிக்கு நம்மிடமே நல்ல வழி இருக்கிறது. சுண்டைக்காய்ச் செடியின் வேர் இப்புழுவையும் வாடல் நோயையும் நன்கு தாங்கும். அந்த வேரின்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டிய செடிகள் இப்போது கிடைக்கின்றன. சாதாரண நாற்றைவிட விலை பன்மடங்கு. ஆனால் செடி நெடுநாள் நின்று காய்க்கும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கவேண்டும். மண்ணில் புதைந்தால் கத்தரியே வேர்விட்டு, ஒட்டுக்கட்டியது வீணாகும்.

பஞ்சாயத்துக்கு உரிய வேலை

தனி ஒருவர் தம் தோட்டத்தைக் காத்தாலும், பக்கத்துத் தோட்டத்தை உழுத டிராக்டர் மண் ஒட்டிய கொழுவோடு உள்ளே நுழைந்தால் பயனில்லை. எனவே இது ஊரார் சேர்ந்து செய்யவேண்டியது. நோயுள்ள வயல்களை அறிந்து வைத்து, வாடகை டிராக்டரும் ரோட்டவேட்டரும் அவற்றைக் கடைசியில் உழுதுவிட்டு, கழுவிக்கொண்டு வெளியேறும்படி அங்கத்தினர்கள் ஏற்பாடு செய்யலாம். நோயுள்ள வயலின் கழிநீர் அடுத்த வயலுக்கு இறங்காதவாறு வாய்க்காலைத் திருப்பிவிடலாம். எந்தத் திட்டத்தின்கீழ் நாற்றோ கன்றோ ஊருக்கு வந்தாலும், பங்கிடுமுன் உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் வேரை அலசிப் பார்த்து, பார்த்ததைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் செய்துகொள்ளலாம். இதற்கு நிதி வேண்டுவதில்லை. ஒரு வாளி நீர் வேண்டும்.

நிலத்தில் புழு உண்டா என்று ஐயமிருப்பின், பள்ளிப் பிள்ளைகளும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வயலில் பல இடங்களில், மேல்மண் காய்ந்த பகுதியை நீக்கி, அரை அடி ஆழம் வரையிலான ஈரமண்ணை எடுத்துக் கலந்து தொட்டிகளில் நிரப்பி, தக்காளியோ வெள்ளரியோ விதைத்து, ஐந்தாறு வாரம் நீரூற்றி, பின் வேரை அலசிப் பார்த்தால் முடிச்சே பதில் சொல்லும். துல்லியமான எண்ணிக்கை வேண்டுவோர், கால் கிலோ மண்ணும் சிறிது வேரும் பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல், உலரவிடாமல், கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்பலாம். உரச்சத்துச் சோதனைக்கு உலர்த்துவதுபோல் இம்மண்ணை உலர்த்தினால் புழு மடிந்துபோகும், சோதனையும் பொய்க்கும்.

மேலே சொன்ன அம்மையார் அவ்வாண்டு கத்தரியை முழுவதும் கெல்லி எரித்தார். கோடையில் இரண்டு உழவு, பிறகு எள், அதன் பின் முப்பது சென்ட்டிலும் செண்டுமல்லி. இரண்டாம் ஆண்டில் சுண்டைக்காய் வேரில் ஒட்டிய கத்தரி வைத்தார். இப்பொழுது காய் சந்தைக்குப் போகிறது. எனினும் வாய்க்காலோரத்து மணத்தக்காளியைத் தோண்டினால் இன்றும் ஒன்றிரண்டு முடிச்சு தென்படுகிறது என்று அவரே எம்மிடம் காட்டினார். சென்ற முறை எங்கள் வாகனத்தில் மிளகாய் நாற்று இறங்கியபோது, கையொப்பமிடுமுன் நாலு நாற்றை உருவிக்கொண்டு போய்க் குழாயடியில் அலசியவர் அவர்தான். நாங்கள் காத்திருந்தோம்.